சின்ன ஃபிலிம் லேப்: பழைய மினிலேப் எடுக்கலாமா, டேங்கிலேயே கழுவலாமா?

சிறுவாணி35 கேட்டது:

வணக்கம். கோவையில ஸ்டூடியோவோட சேர்த்து ஃபிலிம் கழுவிக் கொடுக்கிற வேலையும் தொடங்கலாம்னு யோசனை. இப்போ இங்க எடுக்கிற ரோல் எல்லாம் கூரியர்ல வெளியூர் லேபுக்குத்தான் போகுது. விசாரிச்ச வரைக்கும் மாசத்துக்கு 60-லிருந்து 80 ரோல் வரும். பாதிக்கு மேல கலர் நெகட்டிவ், மிச்சம் பிளாக் அண்ட் ஒயிட், கூடவே சினிமா ஃபிலிமை வெட்டிச் சுத்தின ரோல் கொஞ்சம்.

மூடிப்போன கலர் லேப் ஒண்ணுல நோரிட்சு ஃபிலிம் ப்ராசஸர் (ரோலைத் தானே கழுவற மினிலேப் மெஷின்) ஏழெட்டு வருஷமா ஓடாம கிடக்கு. இரும்பு விலைக்கே தர்றேங்கறாங்க. எடுக்கலாமா, இல்ல ரோலை உள்ள வெச்சுச் சுழற்றிக் கழுவற ஜோபோ மாதிரி சுழல் டேங்கே போதுமா? சினிமா ஃபிலிமை அதே கெமிக்கல்ல போடலாமா?

இன்னொண்ணு: இது நிக்குமா? ஃபிலிமே ஒருநாள் வராம போயிட்டா போட்ட காசு என்ன ஆகும்? பக்கத்துல ஊட்டியிலயே ஃபாக்டரி இருந்துச்சு, ஆனா ஒரு ரோலுக்கு அமெரிக்காவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஹைப்போவாளி:

சும்மா கொடுத்தாலும் அந்த மெஷின் வேண்டாம். ஓடாதுங்கறதுக்காகச் சொல்லல. நல்லா ஓடினாலும் உங்க 80 ரோல் அதுக்குத் தீனி ஆகாது.

கணக்கு இதுதான். மாடலுக்கு மாடல் மாறும், ஆனா டெவலப்பர் (படத்தை வெளிய கொண்டுவர்ற கெமிக்கல்) டேங்க் 8 லிட்டர்னு வெச்சுக்குங்க. ஒரு 36 ரோல் உள்ள போனா, மெஷின் சுமார் 20 மி.லி. ரெப்ளெனிஷரை, அதாவது ஈடுகட்டற புது கெமிக்கலை, ஊத்தி, அதே அளவு பழசை வெளியே தள்ளும். அப்போ டேங்க்ல இருக்கிற 8 லிட்டரும் ஒரு சுற்று மாற 400 ரோல் ஓடணும். இது ஏறக்குறைய ஒரு மாசத்துக்குள்ள நடந்தாத்தான் கெமிக்கல் நிலையா நிக்கும். மாசம் 80 ரோல்னா அஞ்சு மாசம் ஆகுது. அந்த அஞ்சு மாசமும் டெவலப்பர் தினம் 38 டிகிரிக்குச் சூடாகி, காத்து பட்டு, ஆவியாகிக்கிட்டே இருக்கும். ஆக்சிஜன் பட்டதால வேகம் குறையும், தண்ணி ஆவியானதால செறிவு ஏறும். ரெண்டும் எதிரெதிரா இழுக்கிறதால எது எவ்வளவுன்னு பார்த்துச் சொல்ல முடியாது.

2000-த்துக்கு அப்புறம் கலர் லேப் வரிசையா மூடினதுல டிஜிட்டல் வந்தது பாதிக் காரணம், மிச்சப் பாதி இந்தக் கணக்கு. ரோல் குறைஞ்சதும் கெமிக்கல் நிலை தப்பிச்சு. கலர் மோசமாச்சு. ஃபிலிமை விடாம வெச்சிருந்த ஆளும் அதைப் பார்த்துட்டுப் போயிட்டான், ரோல் இன்னும் குறைஞ்சுச்சு. ஒரு நாளைக்கு நூறு ரோலுக்காகச் செஞ்ச மெஷினை பத்து ரோலுக்கு ஓட்டுறதுக்கு எந்தக் கம்பெனியும் வழி வைக்கல.

எட்டு வருஷம் கிடந்த மெஷின்ல முதல்ல பார்க்க வேண்டியது சர்க்குலேஷன் பம்ப். உப்பு படிஞ்சு இம்பெல்லர் இறுகியிருக்கும். அடுத்து டேங்குக்கு டேங்க் ஃபிலிமைத் தூக்கிக் கொடுக்கிற கிராஸ்ஓவர் ரேக்: அதோட பிளாஸ்டிக் பல்சக்கரம் காய்ஞ்சு வெடிக்கும், ரப்பர் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகும். ரோலர்ல கடுகளவு உப்புப் பரல் ஒட்டியிருந்தாலும் ரோலோட முதல் ஃபிரேம்ல இருந்து கடைசி ஃபிரேம் வரைக்கும் ரயில் தண்டவாளம் மாதிரி நேர்கோடு விழும். கஸ்டமர் ரோல்ல அது விழுந்தா பதில் சொல்ல முடியாது. ஃபிலிம் நுனியை லீடர் கார்டுல டேப் போட்டு ஒட்டி அனுப்புறீங்க இல்லையா, சூடான டெவலப்பர்ல அந்த டேப் விட்டுப்போச்சுன்னா ஃபிலிம் டேங்குக்குள்ளேயே நின்னுடும். மூடியைத் திறந்தா பின்னால வர்ற ரோலும் வெளிச்சம் குடிச்சுடும்.

சராசரியா ஒரு நாளைக்கு 15 ரோல் நிச்சயம்னு ஆனப்புறம் மெஷினைப் பத்திப் பேசலாம். அப்பவும் கன்ட்ரோல் ஸ்ட்ரிப் இல்லாம ஓட்டக் கூடாது. முன்கூட்டியே எக்ஸ்போஸ் பண்ணி வர்ற ஸ்ட்ரிப் அது; ஃப்ரீசர்ல மைனஸ் 18-ல வெச்சிருந்து, தினம் காலையில ஒண்ணு ஓட்டி, அடர்த்தி அளக்கிற டென்சிடோமீட்டர்ல படிக்கணும். அடர்த்தி எல்லாம் ஒண்ணா இறங்கினா டெவலப்பர் களைச்சிருக்கு, இல்ல வெப்பம் குறைவு. ஒண்ணா ஏறினா வெப்பம் கூட, இல்ல தண்ணி ஆவியாகியிருக்கு. மஞ்சள் அடர்த்தி மட்டும் மேல தனியா ஏறுதுன்னா பிளீச்சைச் சந்தேகப்படுங்க: அதே ஸ்ட்ரிப்பைப் புது பிளீச்சுல திரும்பப் போட்டு, பிக்ஸ் பண்ணிப் படிங்க, இறங்கிட்டா விஷயம் உறுதி.

ஆனா அந்தக் கடைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. ப்ராசஸரை விட்டுட்டு மத்ததைத் தேடுங்க. மூலையில ஃபிரான்டியர் எஸ்பி-3000, நோரிட்சு எல்எஸ்-600, எச்எஸ்-1800 ஏதாவது ஒரு ஸ்கேனர் இருந்தா அதுதான் புதையல். எக்ஸ்-ரைட் டென்சிடோமீட்டர் இருந்தாலும் விடாதீங்க. கேசட்டுக்குள்ள போன ஃபிலிம் நுனியை, அதான் நாக்கை, வெளிய இழுக்கிற லீடர் ரிட்ரீவரை யாரும் கணக்குலயே வெக்க மாட்டாங்க, அதையும் கேட்டு வாங்குங்க.

---

முப்பத்தேழுபுள்ளிஎட்டு:

மேல சொன்னதுல மாத்துக் கருத்து இல்ல. 80 ரோலுக்கு சுழல் டேங்க்தான். ஜோபோ 1520 டேங்க்ல ரெண்டு 35 எம்எம் ரோல், சுழற்றினா 240 மி.லி. போதும், கையில கவிழ்த்துக் குலுக்கறதா இருந்தா 485 மி.லி. வேணும். கலருக்குச் சுழல்தான் லாபம். பெரிய 2500 வரிசை டேங்க் எடுத்தா ஒரே ஓட்டத்துல நாலஞ்சு ரோல் போகும்.

டேங்கைக் காய்ஞ்ச நிலையிலயே அஞ்சு நிமிஷம் வெந்நீர்ல சுழல விட்டுச் சூடாக்குங்க. கலர் நெகட்டிவ் கழுவற முறைக்கு சி-41னு பேர்; அதுல டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிஷம் 15 செகண்ட். கோடாக் சொல்ற தளர்வு 0.15 டிகிரிதான், அதனால சமையல் தெர்மாமீட்டர் உதவாது. ஊத்த ஆரம்பிச்ச நொடியில இருந்து நேரம் ஓடும், வடிக்கிற 10 செகண்டும் அதுக்குள்ளதான் அடங்கணும். அடுத்து 2 சதவீத அசிட்டிக் ஆசிட் ஸ்டாப், 30 செகண்ட். அதிகாரபூர்வ வரிசையில இது கிடையாது, ஆனா டேங்க் வேலையில போடறது நல்லது: டெவலப்பர் ஒட்டின ஃபிலிம் நேரா பிளீச்சுக்குப் போனா கறை விழும். ஒரு தண்ணி அலசல். பிளீச் 6.30 நிமிஷம், அலசல் 3.15, பிக்சர் 6.30, மறுபடி அலசல் 3.15. இதெல்லாம் 24-லிருந்து 41 டிகிரிக்குள்ள எங்க இருந்தாலும் சரி, நம்ம ஊருக்கு அது ஒரு வரம். கடைசி ஸ்டெபிலைசர் 1.30 நிமிஷம். அதை மட்டும் டேங்க்ல ஊத்தாதீங்க; ஃபிலிமை ரீல்ல இருந்து கழட்டி தனி டப்பாவுல முக்குங்க. ரீல் காடியில ஸ்டெபிலைசர் படிஞ்சா பிசுபிசுன்னு ஆகி அடுத்த தடவை ஃபிலிம் பாதியில சிக்கிக்கும்.

பிளீச்சையும் பிக்சரையும் ஒரே பாட்டில்ல கலந்த 'பிளிக்ஸ்' கிட் வேண்டாம். பிளீச்சோட வேலை வெள்ளியை ஆக்சிஜனேற்றம் பண்றது, பிக்சரோட வேலை அதைக் கரைக்கிறது. ரெண்டையும் ஒரே தண்ணியில போட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். கலந்த நாளே வயசு எண்ண ஆரம்பிச்சுடும். களைச்ச பிளிக்ஸ்ல வெள்ளி முழுசாப் போகாது. நெகட்டிவ் பார்க்க மங்கலாவும் அடர்த்தியாவும் இருக்கும், ஸ்கேன் பண்ணினா நிறம் செத்து, கிரெய்ன் கூடியிருக்கும். இப்படி வந்த ரோலைத் தூக்கிப் போடாதீங்க. வெளிச்சத்துலயே, நல்ல பிளீச்சுல திரும்ப ஒரு 6.30 நிமிஷம், பிக்ஸ், அலசல், ஸ்டெபிலைசர். பெரும்பாலும் மீண்டு வந்துடும். தனி பிளீச் பல மாசம் நிக்கும், அதுக்குக் காத்துதான் உயிர்: பாதி நிரம்பின பாட்டில்ல வெச்சு அப்பப்ப குலுக்கி விடுங்க. டெவலப்பருக்கு அப்படியே தலைகீழ், கழுத்து வரைக்கும் நிரப்பிக் காத்தே இல்லாம மூடணும். நிரம்பின கண்ணாடி பாட்டில்ல ஒரு மாசம் போல தாங்கும். பாதி பாட்டில் ரெண்டு வாரம் தாங்கினாலே பெரிசு. லேசான மஞ்சள்ல இருந்து டீ நிறத்துக்குப் போயிட்டா யோசிக்காமக் கொட்டிடுங்க.

அதனால தினம் கழுவாதீங்க. வாரத்துல ரெண்டு நாள் வெச்சு, அன்னைக்கு வந்திருக்கிற ரோல் எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிங்க. ஒரு லிட்டர் டெவலப்பரை 240 மி.லி.யாப் பிரிச்சு, ஒருமுறை பயன்படுத்திக் கொட்டினா 8 ரோல். திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 16 வரைக்கும் இழுக்கலாம்னு கிட் பெட்டியில எழுதியிருக்கும். சொந்த ரோலுக்கு அது சரி. காசு வாங்கற ரோலுக்கு முதல் ரோலும் பதினாறாவது ரோலும் ஒரே மாதிரி இருக்காதுங்கறதை நினைச்சுக்குங்க.

தண்ணி விஷயம். கோவையில நல்லதண்ணி வேற, உப்புத்தண்ணி வேறன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. போர் உப்புத்தண்ணியில அலசினா காயும்போது சுண்ணாம்புப் பொட்டு விழும், எந்தச் சாஃப்ட்வேராலயும் அதைச் சுத்தமா எடுக்க முடியாது. இடையில அலசறதுக்கு நல்லதண்ணி போதும். டெவலப்பர் கலக்கவும் கடைசி முக்கலுக்கும் ஆர்ஓ தண்ணி.

பிளாக் அண்ட் ஒயிட்டுக்குத்தான் நம்ம வெயில் வில்லன். இல்ஃபோர்டு எச்பி5 ஃபிலிமை, டி-76 டெவலப்பரைத் தண்ணியோட ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து கழுவினா 20 டிகிரியில 11 நிமிஷம். சித்திரை மாசம் குழாய்த் தண்ணியே 30-ஐத் தொடும். 24 டிகிரியில சுமார் 8 நிமிஷம், அதுவரைக்கும் பரவாயில்ல. அதுக்கு மேல போனா நேரம் அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ சுருங்கி, வானம் மாதிரி சமமான இடத்துல திட்டுத் திட்டா விழும். ஐஸ் பாக்கெட் போட்ட வாளியில எல்லா பாட்டிலையும் ஒண்ணா நிறுத்துங்க. டெவலப்பரை மட்டும் குளிர வெச்சுட்டு 31 டிகிரி தண்ணியில அலசக் கூடாது. மேல் பூச்சு மென்மையா இருக்கிற ஃபிலிம் சுருங்கி வலை மாதிரி ஆயிடும்.

டி-76 பாக்கெட் கிடைக்கலைன்னா கவலை வேண்டாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. சல்பைட்ல ஒரு சிட்டிகை எடுத்து முதல்ல தண்ணியில போட்டுட்டு மெட்டாலைக் கரைங்க. சல்பைட் முழுசையும் முன்னாடியே கொட்டினா மெட்டால் கரையாம அடம் பிடிக்கும். கெமிக்கல் கடையில கேக்கும்போது சல்பைட், சல்பேட், தயோசல்பேட் மூணையும் தெளிவா எழுதிக் கொடுங்க.

---

கோட்டிங்அறை:

"நிக்குமா" என்ற கேள்விக்கு என் பதில்: ஃபிலிம் கிடைக்கும், ஆனால் சீராகக் கிடைக்காது. காரணம் லேபில் சொன்ன அதே கணக்குதான், ஆலையில் அது பல மடங்கு பெரியது.

கலர் நெகட்டிவ் என்பது ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான பிளாஸ்டிக் தாளில் பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மெல்லிய அடுக்குகளை முழு இருட்டில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பூசுவது. இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கினால் அடுக்குகள் சீராகும் வரை ஓடும் ஃபிலிம் முழுக்கக் கழிவு. ஆயிரம் ரோல் வேண்டும் என்று அதைக் கொஞ்சமாக ஓட்ட முடியாது. உலகக் கலர் ஃபிலிம் தேவை 2000-ல் உச்சத்தில் இருந்தது, பத்தே ஆண்டில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. இயந்திரத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்க முடியாதவர்கள் விழுந்தார்கள். இல்ஃபோர்டு 2004-ல் தத்தளித்து, அங்கிருந்த மேலாளர்களே வாங்கி நடத்தியதால் பிழைத்தது. ஆக்ஃபாஃபோட்டோ 2005-ல் திவால். கோனிகா மினோல்டா 2006-ல் போட்டோ தொழிலையே விட்டு விலகியது. போலராய்டு 2008-ல் உடனடி ஃபிலிமை நிறுத்தியது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது.

நீங்கள் கழுவப்போகும் கலர் ரோல்களில் பெரும்பகுதி இன்றும் ராச்செஸ்டரில் கோடாக்கின் ஒரே கோட்டிங் கட்டடத்திலிருந்து வருவது. ஃபூஜி 200, 400 என்று பல நாடுகளில் விற்கும் ரோலின் பெட்டியிலும் அமெரிக்கத் தயாரிப்பு என்றே இருக்கும். அந்தக் கட்டடம் மூடாமல் நின்றதற்கு நம்மைப் போன்ற ஸ்டில் ஃபிலிம் ஆட்கள் காரணமில்லை, சினிமா காரணம். கோடாக்கின் சினிமா ஃபிலிம் விற்பனை 2006-ல் 1,240 கோடி அடி, 2014-ல் சுமார் 45 கோடி அடி. ஃபூஜி சினிமா ஃபிலிமை நிறுத்திவிட்டிருந்த நேரம் அது. நோலன், டாரன்டினோ போன்ற இயக்குநர்கள் நெருக்க, ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் ஆண்டுக்கு இவ்வளவு ஃபிலிம் வாங்குவோம் என்று 2015-ல் கோடாக்குடன் ஒப்பந்தம் போட்டன. அந்த உறுதி இல்லையென்றால் இன்று கோடாக்கின் கோல்டு, போர்ட்ரா ரோல்கள் பற்றிப் பேச இங்கே யாரும் இருந்திருக்க மாட்டோம் என்பது என் கணிப்பு.

2017-க்குப் பிறகு அலை திரும்பியது. 2018-ல் கோடாக்கின் எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் மீண்டும் வந்தது. இல்ஃபோர்டு ஃபிலிமைச் செய்யும் ஹார்மன் நிறுவனம் தன் முதல் கலர் ஃபிலிமான ஃபீனிக்ஸை 2023 டிசம்பரில் கொண்டுவந்தது. பென்டாக்ஸ் 2024-ல் புத்தம்புது ஃபிலிம் கேமராவே வெளியிட்டது. 2024 இறுதியில் கோடாக் ஆலையை மேம்படுத்தச் சில வாரம் உற்பத்தியை நிறுத்தியது. 2025-ல் கோடாகலர் 100, 200 என்ற பெயரில் தானே நேரடியாக ஃபிலிம் விற்க இறங்கியது. சீனாவின் லக்கியும் அதே ஆண்டு கலருக்குத் திரும்பியது. மூன்று நான்கு இடங்களில் கலர் பூசுகிறார்கள் என்பதே பத்து ஆண்டுக்கு முன் நினைக்க முடியாத நிலை. ஆனால் செய்திகளில் வரும் 'மறுமலர்ச்சி'யில் பெரும்பங்கு ஃபூஜியின் உடனடி ஃபிலிமான இன்ஸ்டாக்ஸ். அதில் லேபுக்கு ஒரு பைசா வேலை கிடையாது. உங்கள் சந்தையைக் கணக்கிடும்போது அதைக் கழித்துவிடுங்கள்.

மூடிய ஆலையைத் திறப்பது ஏன் கடினம் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் போலராய்டு இயந்திரங்கள் உடையாமல் காப்பாற்றப்பட்டன, ஆனால் அதற்கான ரசாயனங்களைச் செய்தவர்கள் அதற்குள் கடையை மூடிவிட்டார்கள். அந்த இயந்திரங்களை மீண்டும் ஓட்ட முனைந்த இம்பாசிபிள் குழு மொத்தச் சூத்திரத்தையும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. 2010-ல் வந்த அவர்களுடைய ஆரம்ப ஃபிலிமைக் கேமராவிலிருந்து வெளியே வரும்போதே வெளிச்சத்திலிருந்து மறைக்க வேண்டியிருந்தது. இத்தாலியின் ஃபெரானியா 2014-ல் மக்களிடம் பணம் திரட்டியது கலர் ஸ்லைடு ஃபிலிமுக்காக. 2017-ல் அவர்களால் கொண்டுவர முடிந்தது பி30 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம். அதுவும் பெரிய ஆலையில் பூசியது அல்ல. ஆராய்ச்சிக் கூடத்துச் சின்னக் கோட்டிங் இயந்திரம் தப்பியிருந்ததால் முடிந்தது.

ஊட்டிக்கு வருவோம். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் பதிவானது, பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி தொடங்கியது. குளிர்ச்சியும் தூசி குறைந்த காற்றும் இருந்ததால் அந்த இடம். இந்து என்ற பெயரில் ரோல் ஃபிலிம், போட்டோ பேப்பர், சினிமா பாசிட்டிவ், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்தன. ஆனால் அதன் பலம் கறுப்பு வெள்ளை. சந்தை கலருக்குத் தாவியபோது கூடத் தாவ முடியவில்லை. இறக்குமதிக் கதவு திறந்த 1990களில் நலிந்த ஆலைப் பட்டியலில் சேர்ந்தது. டிஜிட்டல் கேமரா கடைத்தெருவுக்கு வருவதற்கு முன்பே அது படுத்துவிட்டது. ஆகவே அதைக் கொன்றது டிஜிட்டல் என்று சொல்வது சரியல்ல. 2014-ல் மிச்சமிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் தொகை அனுமதித்து மத்திய அரசு கணக்கை முடித்தது. அதை மீண்டும் திறக்கலாமே என்று அவ்வப்போது குரல் எழும். கட்டடம் இருக்கலாம், எமல்ஷன் (ஃபிலிமில் பூசும் ஒளியுணர் கலவை) சமைக்கத் தெரிந்த கைகளும் மூலப்பொருள் தருபவர்களும் இல்லாமல் கட்டடத்தால் ஆவது ஒன்றுமில்லை.

உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றே: ரோல் விற்பனையை நம்பி வரவு செலவு போடாதீர்கள். இரண்டு மாதம் கலர் ரோல் வராது, பிறகு ஒரேயடியாக வந்து குவியும். கறுப்பு வெள்ளைக்கு அந்தப் பயம் குறைவு. இல்ஃபோர்டு, செக் நாட்டு ஃபோமா, கோடாக் மூன்றும் தனித்தனி ஆலைகள்.

---

சிறுவாணி35:

எல்லாருக்கும் நன்றி. மெஷின் யோசனையை விட்டாச்சு, ஸ்கேனர் இருக்கான்னு போய்ப் பார்க்கிறேன். சினிமா ஃபிலிம் பத்தி யாரும் சொல்லலையே? கொண்டுவர்ற பசங்க "சி-41-லயே போடுங்கண்ணா, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க"ங்கறாங்க. அப்புறம் ஒரு ஃபிரேம் இடத்துல ரெண்டு படம் விழற ஹாஃப் ஃபிரேம் ரோலுக்கு எவ்வளவு வாங்கறது? பழைய ஹைப்போவை, அதான் பிக்சரை, எங்க கொட்டறது?

---

கறுப்புமுதுகு:

சினிமா ஃபிலிம்னு வர்றது பெரும்பாலும் கோடாக் விஷன்3: 250D, 500T அப்படின்னு. 400 அடி கேன் ஒண்ணு வாங்கி, ரோலுக்கு அஞ்சரை அடி வெட்டினா எழுபது ரோலுக்கு மேல வரும், அதனாலதான் மலிவு. அதோட முதுகுப் பக்கம் ரெம்ஜெட்டுன்னு ஒரு கார்பன் கரிப்பூச்சு இருக்கும். கேமராவுக்குள்ள வெளிச்சம் பட்டுத் திரும்பாம இருக்கவும், ஸ்டேட்டிக் பொறி விழாம இருக்கவும் அது. காரத் தண்ணியில இளகிக் கழண்டு வரும். சி-41 டெவலப்பரும் காரம்தான். இப்போ புரிஞ்சிருக்கும், அதுல நேராப் போட்டா கரி டெவலப்பர்ல கரைஞ்சு, அடுத்து வர்ற நாலு பேர் ரோல்ல கறுப்புப் பொட்டா ஒட்டும். நெகட்டிவ்ல கறுப்பு, படத்துல வெள்ளை.

எழுதியில்லாத கேசட்ல வர்ற ரோல் எதுவா இருந்தாலும் முதல்ல சோதனை. வெளிய நீட்டிட்டு இருக்கிற நாக்கு எப்படியும் வெளிச்சம் பட்டதுதான். துணி சோடா கரைச்ச தண்ணியில பஞ்சை நனைச்சு நாக்கோட முதுகுப் பக்கத்தைத் தேயுங்க. பஞ்சு கறுத்தா ரெம்ஜெட். கறுக்கலைன்னு நேரா சி-41-ல போட்டுடாதீங்க: 2025-ல கோடாக் விஷன்3-ல ரெம்ஜெட்டை எடுத்துட்டு, உள்ளேயே கரையற அடுக்கு வெச்சுட்டாங்க. அந்தப் புது ரோல்ல கரித் தொல்லை இல்லையே தவிர, அதுவும் ஈசிஎன்-2-ங்கிற சினிமா ஃபிலிம் கழுவற முறைக்குச் செஞ்ச ஃபிலிம்தான். அதனால கொண்டுவர்றவங்ககிட்ட கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

கரி எடுக்க கோடாக் சொல்ற முன்குளியல்: ஒரு லிட்டருக்கு போராக்ஸ் 20 கிராம், சோடியம் சல்பேட் 100 கிராம், காஸ்டிக் சோடா 1 கிராம். அவ்வளவு சல்பேட் எதுக்குன்னா, ஃபிலிம் பூச்சு ஊதாம அது பிடிச்சு வெக்கும். கரி அங்கேயே இளகி நிக்கும், கரைஞ்சு முன்பக்கம் போய் ஒட்டாது. ஒரு நிமிஷம் மெதுவா வெச்சு வடிச்சுட்டு, அதுக்கப்புறம் 38 டிகிரி வெந்நீரை நிரப்பி முரட்டுத்தனமா குலுக்கி வடிங்க. முதல் தடவை தார் மாதிரி வரும். தெளிவா வர்ற வரைக்கும் மாத்துங்க. அப்பவும் மெல்லிசா ஒரு திரை ஒட்டியிருக்கும். கடைசி அலசலுக்கு அப்புறம் நனைஞ்ச மைக்ரோஃபைபர் துணியால முதுகுப் பக்கத்தை மட்டும் ஒரே திசையில வழிக்கணும். அதே துணி எமல்ஷன் பக்கம் பட்டா கீறல்தான்.

சரி, கரியை எடுத்துட்டு சி-41-ல போட்டா? படம் வரும். ஆனா இந்த ஃபிலிம் சிடி-3-ங்கிற டெவலப்பருக்காகச் செஞ்சது, சி-41-ல இருக்கறது சிடி-4. கான்ட்ராஸ்ட் ஏறும், நிழல் ஒரு நிறத்துக்கும் வெளிச்சம் வேற நிறத்துக்கும் சாயும், ரெண்டையும் ஒண்ணாத் திருத்த முடியாது. ஈசிஎன்-2 டெவலப்பர் நீங்களே கலக்கலாம்: ஒரு லிட்டருக்கு சோடியம் சல்பைட் 2 கிராம், சோடியம் புரோமைடு 1.2, சோடியம் கார்பனேட் 25.6, பைகார்பனேட் 2.7, கடைசியா சிடி-3 4 கிராம். பிஎச் 10.25 பக்கம் நிக்கணும். 41.1 டிகிரி, 3 நிமிஷம். பிறகு ஸ்டாப், பிளீச், பிக்சர் உங்ககிட்ட இருக்கிற சி-41 பாட்டிலே போதும். சிடி-3 தோல்ல பட்டா சிலருக்கு அரிப்பு தொடங்கி விடவே விடாது, கையுறை இல்லாம தொடாதீங்க.

ஒரு ஓட்டத்துக்கு வேலை ரெட்டிப்பு. அதுக்கேத்த கூலி வாங்குங்க, "எல்லாரும் அப்படித்தான்"னு சொல்றவங்களை அந்த எல்லார்கிட்டயும் அனுப்பிடுங்க.

---

ஹைப்போவாளி:

ஹாஃப் ஃபிரேம்: கழுவறதுக்கு அதே கூலி, ஸ்கேனுக்குத்தான் வித்தியாசம். 36 ரோல்ல 72 படம். லேப் ஸ்கேனர்ல ஃபிரேம் அளவை மாத்தி ஓட்டணும், இடைவெளி மெல்லிசா இருக்கிறதால மெஷின் தப்பா வெட்டும், கூடவே உக்காந்து பார்க்கணும். ரெண்டு படத்தை ஒரே ஃபைலா, பக்கத்துப் பக்கத்துல கொடுக்கிறதுக்கு சாதா ரேட். தனித்தனியா 72 வேணும்னா கூடுதல். பென்டாக்ஸ் 17 ஹாஃப் ஃபிரேம் கேமரா வாங்கினவங்கள்ல நிறைய பேருக்கு ஜோடியா வர்றதுதான் பிடிக்குது.

ஸ்கேனர் கிடைக்கலைன்னா 24 மெகாபிக்சல் கேமரா, 1:1 மேக்ரோ லென்ஸ், சிஆர்ஐ (நிறத்தை உண்மையாக் காட்டற அளவு) 95-க்கு மேல உள்ள லைட் பேனல், காப்பி ஸ்டாண்டு. ஃபிலிம் வெக்கிற இடத்துல ஒரு கண்ணாடியை வெச்சு, லென்ஸோட பிம்பம் நடுவுல விழுதான்னு பார்த்தா மட்டம் சரி. லென்ஸ் துளை எஃப்8. ஃபிலிமைச் சுத்தி வழியற வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால அடைங்க, இல்லைன்னா கான்ட்ராஸ்ட் போயிடும். இந்த முறையில இன்ஃப்ராரெட் தூசி நீக்கம் கிடையாது. லேப் ஸ்கேனர்லயும் அது கலருக்குத்தான். பிளாக் அண்ட் ஒயிட்ல வெள்ளி இன்ஃப்ராரெட்டை மறைச்சுடும், போட்டா படமே சிதையும். அதனால காய வைக்கிற இடம் தூசியில்லாம இருக்கணும். மூடின குளியலறையில வெந்நீர் ஆவி விட்டு தூசியை அடக்கிட்டு, ஃபேன் போடாம தொங்க விடுங்க.

ஹைப்போவைச் சாக்கடையிலயும் செப்டிக் டேங்க்லயும் ஊத்தாதீங்க. பயன்படுத்தின பிக்சர்ல லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி இருக்கும், அதை எடுத்து வாங்கறவங்க இன்னமும் இருக்காங்க. எக்ஸ்ரே எடுக்கிற இடங்கள்ல விசாரிச்சா ஆள் கிடைக்கும். கலர் பிக்சரையும் பிளாக் அண்ட் ஒயிட் பிக்சரையும் ஒரே கேன்ல சேர்க்கலாம், ஆனா பிளீச் மட்டும் அதுல ஒரு சொட்டு போகக் கூடாது. படிஞ்ச வெள்ளியை அது மறுபடி கரைச்சுடும், வாங்கறவர் அடுத்த தடவை வர மாட்டார். கேன்ல தேதி எழுதி, மூடியை முழுசா இறுக்காம வைங்க. அமிலமான பிக்சர்ல இருந்து கேஸ் வரும்.